உன் இலையில் வெள்ளைப் பீட்சா

அக்கா,

என் கையில் இன்னும் வறுத்த உப்பின் வாசனை அடிக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சுட்ட சேறும் கடல் தண்ணீரும் இரும்புச் சட்டியும் கலந்த அந்த வாசனை வேறு எந்தச் சமையலிலும் வராது. மணி நாலு இருக்கும். இலைகளை எடுத்தாயிற்று. வந்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அத்தை உள்ளே முந்தானையை விரித்துப் படுத்திருக்கிறார். நான் தோட்டத்துப் பக்கம் உன் சட்டியை அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதன் சூடு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு உனக்கு முதல் வருஷப் படையல். உன் இலையில் பீட்சா வைத்தேன். ஆமாம், வைத்தேவிட்டேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை எல்லாம் சொல்கிறேன். நடுவில் ஒரு தப்பும் செய்துவிட்டேன். அதைக் கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தது 2004 தையில். நீ மூத்த மருமகள், நான் இளையவள். முதல் நாள் குழம்பு கொதிக்கும்போது உப்பு எங்கே என்று உன்னிடம் கேட்டேன். நீ ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி கல்லுப்பை அள்ளி என் உள்ளங்கையிலேயே வைத்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா வீட்டில் உப்பை யாரும் கையில் தர மாட்டார்கள். கீழே வைப்பார்கள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த உப்பளத்துக் குடியிருப்பில் அந்தச் சாங்கியம் இன்னும் கடுமை என்று அத்தை போட்ட சத்தத்தில் தெரிந்துகொண்டேன். வாசலில் இறங்கினால் ஆள் உயரத்துக்கு உப்பு அம்பாரம். ஆனால் வீட்டுக்குள் ஒரு கல் உப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் போகக் கூடாது.

"கையில குடுத்தா சண்டை வரும்னு தெரியாதாடி உனக்கு?" என்றார் அத்தை.

"வரட்டும் அத்தை. சண்டை போட எனக்கும் இந்த வீட்டுல ஒரு ஆள் வேணும் இல்ல?" என்றாய் நீ. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அன்று முதல் உன்னை நான் "நீங்க" என்று கூப்பிடவில்லை.

நாம் போடாத சண்டையா அக்கா? தண்ணீர்க் குடத்துக்கு, கொடியில் இடத்துக்கு, ரேடியோவில் எந்த ஸ்டேஷன் வைப்பது என்பதற்கு. ஒருமுறை நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் என் தலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துப் பேன் பார்த்தாய். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் கடல் உள்ளே வந்தது. நம் வீடு தள்ளி இருந்ததால் தப்பித்தோம். பாத்திகள் தப்பவில்லை. கறுப்புச் சேறு முழங்கால் வரை நின்றது. உப்பு வாருகிற பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஊரே உட்கார்ந்துவிட்டது. சேறு அள்ளி முடித்து மறுபடி தண்ணீர் கட்ட எத்தனை மாசம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது. எல்லாரும் காத்திருந்தார்கள். உனக்குத்தான் காத்திருக்கிற வழக்கமே கிடையாதே. பாண்டி பஸ்ஸில் ஏறிப் போய் இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை கேட்டு வந்துவிட்டாய். முதலில் பெருக்கத்தான் வைத்தார்கள். பிறகு காய் நறுக்க. மூன்றாம் மாசம் நீ ஓவன் பக்கத்தில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து என் முன்னால் இல்லாத மாவை இரண்டு கையாலும் உருட்டி, இழுத்து, தட்டிக் காட்டினாய். அவ்வளவு சந்தோஷமாக நான் உன்னைப் பார்த்ததில்லை.

சும்மா விடுவார்களா? "வெள்ளக்காரங்களுக்கு மாட்டுக்கறி ஆக்கிப் போடறாளாம்" என்று ஆரம்பித்தது. உனக்குக் குழந்தை இல்லை என்பதை அதோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. உன் வீட்டுக்காரர், என் பெரிய மாமா, தன் போக்கில் நல்லவர்தான். ஆனால் டீக்கடையில் யாராவது எதையாவது சொன்னால் அது அப்படியே அவர் மூஞ்சியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

அந்தச் சித்திரையில் கெஸ்ட் ஹவுஸ் மேடம் உன்னிடம் ஒரு பீட்சாவை அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். நீ அதைச் சாயாமல் மடியிலேயே வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாய். அத்தை பெட்டியைத் திறந்தார். மேலே சிவப்பாகத் தக்காளிச் சாந்து. அவ்வளவுதான். பெட்டியோடு தூக்கித் தெரு நாய்க்குப் போட்டுவிட்டார்.

"அது தக்காளி அத்தை" என்றாய்.

"தக்காளின்னா தக்காளியா இருக்கணும். இப்படிக் கூழாக்கி எதுக்குடி மூடி வைக்கணும்? அடியில இன்னா இருக்குதுன்னு யார் கண்டா?"

அன்று சாயங்காலம் பெரிய மாமா முடிவு சொல்லிவிட்டார். நாளையிலிருந்து நீ போக வேண்டாம். சேறு அள்ளி முடிந்ததும் பாத்தி வேலைக்கே போகலாம். நீ அழவில்லை. கத்தவும் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாய்.

"எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க. இங்கயே, உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் பண்ணிக் காட்டறேன். செவப்பே இல்லாம, எல்லாம் வெள்ளையா. அதுல நான் எதையாவது மூடி மறைச்சிருந்தா நின்னுடறேன். இல்லன்னா திங்கக்கெழம பஸ் ஏறுவேன்."

பெரிய மாமா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது சம்மதம் என்று நீயே எடுத்துக்கொண்டாய்.

வியாழக்கிழமை அத்தை ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒத்திகை பார்த்தோம். ஓவனுக்கு எங்கே போவது என்றேன். சூடு வேண்டும், அது சுற்றிலும் நிற்க வேண்டும், அவ்வளவுதான், சூட்டைப் பிடித்து வைக்கத்தான் ஊர் முழுக்க உப்பு கிடக்கிறதே என்றாய். இந்த இரும்புச் சட்டியில் மூன்று விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு செங்கல் துண்டு, அதன்மேல் தட்டு, மேலே மூடி, மூடிமேல் கங்கு. கோட்டக்குப்பம் பேக்கரி பாய் காகிதத்தில் மடித்துக் கொடுத்த ஈஸ்ட்டைக் கரைத்து, கெஸ்ட் ஹவுஸ் அளவுப்படியே ஸ்பூனில் உப்புப் போட்டுப் பிசைந்தாய்.

ஐயோ, அன்றைய கூத்து! புது உப்பு, ஈரம் காயாதது. சட்டிக்குள் பட்டாசு வெடிக்கத் தொடங்கிவிட்டது. கோழிகள் கொல்லைப் பக்கம் ஓடின. நான் வேலியோரம் போய் நின்றேன். நீ மட்டும் மூடியை விறகுக் கட்டையால் அமுக்கிக்கொண்டு நின்றாய். கடைசியில் திறந்தால் மாவு சரியாக உப்பவே இல்லை, தட்டையாக விறைத்துக் கிடந்தது. மேலே தெறித்த உப்பைத் தட்டிவிட்டு அடி ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டோம். கரித்தது. துப்பிவிட்டோம்.

நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். நான் இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ எழுந்து போய் மாவுக்கு ஊற்றிய சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நக்கினாய். இன்னொரு தடவை நக்கினாய்.

"நம்ம தண்ணியிலயே உப்பு இருக்குதுடி. அதை நாம சேர்த்துக்கவே இல்ல."

நம் வீட்டு போர் தண்ணீர். குடிக்கத்தான் தூரத்திலிருந்து கொண்டுவருவோம், சமையலுக்கு எப்போதும் அதுதான். குழம்புக்கு உப்புப் போடும்போது கை தானாகவே குறைத்துப் போட்டுவிடும். கெஸ்ட் ஹவுஸ் ஸ்பூனுக்கு அது எப்படித் தெரியும்? தினமும் அதில்தான் சமைக்கிறோம், நம் தண்ணீர் கரிக்கும் என்பதே நமக்கு மறந்துபோயிருந்தது. நீ காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னாய். உனக்கு எழுத வராது என்பதல்ல, என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். முதலில் உப்பை வெடிச்சத்தம் அடங்கும் வரை வெறும் சட்டியில் வறுக்கணும். நம் வீட்டு மாவுக்கு உப்பு போடக் கூடாது. அந்த இரண்டாவது வரிக்கு அடியில் நீயே கோடு போட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தலைகீழாகக் கவிழ்த்த பக்கெட்டில் அமர்ந்து ஒவ்வொன்றையும் வாங்கி முகர்ந்து பார்த்தார். மைதா. பால், எல்லார் எதிரிலும் எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் கட்டிப் பிழிந்தது. பாலாடை. உரித்த பூண்டு. வெள்ளை வெங்காயத்துக்காக நீ பாண்டி மார்க்கெட் வரை போயிருந்தாய். மிளகாவது தூவலாமே என்று நான் சொன்னேன். கறுப்பாக ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்றாய். பூண்டை எண்ணெயில் லேசாக வதக்கி மாவின் மேல் தடவி, திரித்த பாலையும் பாலாடையையும் பரப்பி, வெங்காயத்தைத் தூவி மூடினாய். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். யாரும் எதையும் மறைத்ததாகச் சொல்ல முடியவில்லை.

வெந்து வந்தது பார், ஓரமெல்லாம் உப்பி, மேலே அங்கங்கே பொன்னிறமாக! பெரிய மாமா ஒரு துண்டு தின்றார். பேசாமல் இன்னொரு துண்டு எடுத்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அத்தை தொடவில்லை.

"பொணத்து மேல போத்தின துணியாட்டம் வெள்ளையா. செத்தவங்களுக்குப் படைக்கத்தான் இது லாயக்கு."

நீ விரலில் ஒட்டியிருந்த பாலாடையை நக்கிக்கொண்டே சொன்னாய்.

"சரி அத்தை. நான் செத்தா இதையே படைங்க. மறந்துடாதீங்க."

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினாய்.

அதற்கப்புறம் ஆறு மாசம்தான் இருந்தாய். ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். கார்த்திகையில் உன்னைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினோம். வேலைதான் உன்னைக் கொன்றது, தேங்கின தண்ணீரில் நடந்து பஸ்ஸுக்குப் போனதால்தான் வந்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள். அந்த மழையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை? வீட்டைவிட்டு நகராதவர்களும்தான் காய்ச்சலில் படுத்தார்கள். வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று யாராவது என் முன்னால் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை, பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேலும் கோபம்தான் அக்கா. சண்டை போட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

உன் இடத்துக்கு நான் போகிறேன். தையிலிருந்து. அத்தை ஒரு வாரம் என் கையால் சாப்பிடவில்லை. போனால் போகட்டும் என்று இருந்தேன். எட்டாம் நாள் பசித்தது, சாப்பிட்டார். கெஸ்ட் ஹவுஸில் உன் ஏப்ரன்தான் எனக்கும். உன் இடுப்புக்கு அது ஒரு சுற்று, எனக்கு இரண்டு சுற்று.

போன வாரம் படையலுக்கு என்னென்ன என்று பேச உட்கார்ந்தார்கள். புடவை, மஞ்சள், குங்குமம், வளையல். வடை, பாயசம், நீ ஆசைப்படும் கருவாட்டுக் குழம்பு. நான் பீட்சா என்றேன். பெரிய மாமா தலையைக் குனிந்துகொண்டு, ஊர் சிரிக்கும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாமனார் தெவசத்துல இலையில பிராந்தி பாட்டில் வெச்சீங்களே, அப்ப ஊர் சிரிச்சுதா?"

அங்கே இருந்த பங்காளி வீட்டுச் சித்தப்பா குறுக்கே வந்தார். அது அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட பொருள், ஆசைப்பட்டதை வைப்பதுதானே முறை என்றார்.

"இதுவும் ஆசைப்பட்டதுதான். வாயைத் திறந்து கேட்டது. யார்கிட்ட கேட்டாள்னு அத்தையையே கேளுங்க."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. உளுந்து ஊறிவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்து உள்ளே போனார். படையலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்ன உளுந்து?

இன்று காலையில் குளித்து ஈரத் தலையோடு அடுப்பு மூட்டினேன். உன் சட்டி, உன் செங்கல் துண்டு. காலண்டர் தாளைச் சுவரில் குத்தி வைத்துக்கொண்டேன். உப்பை வெடிச்சத்தம் அடங்கும் வரை வறுத்தேன். மாவுக்கு உப்புப் போடவில்லை, நீ கோடு போட்டிருக்கிறாயே. படையல் சமையலை வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது, பார்க்கவும் இல்லை. நல்ல வட்டமாக வந்தது. நெய் தடவினது மாதிரி பளபளவென்று இருந்தது. உன் இலையில் கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கற்பூரம் காட்டியபோது பெரிய மாமா அழுதார். காக்காய்க்கும் ஒரு துண்டு வைத்தோம். அது வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காக்காவே தொடவில்லை பார் என்று பின்னால் ஒரு குரல். காக்காய்க்கு என்ன தெரியும்?

பந்தி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு வைத்த பிறகுதான் நானும் ஒரு வாய் கிள்ளிப் போட்டேன். சப்பென்று இருந்தது. வெறும் மாவு. பங்காளிச் சித்தப்பா சிரித்தேவிட்டார்.

"உப்பளத்து வீட்டுல உப்பு இல்லாத பண்டமாம்மா?"

அப்போதுதான் புரிந்தது. குழாய்! கடல் வந்து போன பிறகு கட்டின புது டாங்கிலிருந்து இந்த ஆடி முதல் நம் தெருவுக்கு நல்ல தண்ணீர் வருகிறது. அது உனக்குத் தெரியாது. நான் காலையில் குழாயில் பிடித்த தண்ணீரில் பிசைந்திருக்கிறேன். நீ உப்புப் போடாதே என்றது போர் தண்ணீருக்கு. உன் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டு உன் படையலையே கெடுத்துவிட்டேன். அழுகை முட்டியது. அவர்கள் முன்னால் அழுதால் தோற்றுப்போவேன் என்று கையிலிருந்த துண்டை மென்று விழுங்கினேன். இன்னொன்றும் எடுத்தேன்.

ஓரத்தில் அத்தை மென்றுகொண்டிருந்தார். அன்றைக்குத் தொடாதவர், இருக்கிற நாலு பல்லால் மெதுவாக மென்றார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு பத்தல. அவ பண்ணது நல்லா இருந்துச்சு."

"நீங்கதான் அன்னிக்குத் தொடவே இல்லியே அத்தை?"

"நீங்கள்லாம் அந்தாண்ட போனப்புறம் ஒரு துண்டு எடுத்துத் துன்னேன். அவ பாத்துட்டா. யார்கிட்டயும் சொல்லல."

நீ என்னிடம்கூடச் சொல்லவில்லையே, பாவி! எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுகிறவள், இதை மட்டும் ஆறு மாசம் வாயில் அடக்கி வைத்திருந்தாய். ஊரெல்லாம் கேட்க அவர் நீ செய்ததைச் செத்தவங்களுக்குப் படைக்கத்தான் லாயக்கு என்றார். நீ அவரை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்துவந்தேன். ஒரு பிடி எடுத்து அத்தையின் இலை ஓரத்தில் வைக்கப் போனேன். அவர் உள்ளங்கையை நீட்டினார்.

"கையில போடு."

"சண்டை வரும் அத்தை."

"வரட்டும்."

போட்டேன். எல்லாரும் பார்க்கத்தான் போட்டேன். அவர் அதைத் தன் துண்டின் மேல் தூவிக்கொண்டார். பிறகு எழுந்து உன் படத்துக்கு முன்னாலிருந்த இலைக்குப் போய் மிச்ச உப்பை உன் பீட்சாவின் மேலும் தூவினார். அதற்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

காலண்டர் தாளில் உன் கோட்டை நான் அழிக்கப் போவதில்லை. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ஸ்பூன். அடுத்த வருஷமும் உன் இலையில் இதுதான் இருக்கும், தக்காளி இல்லாமல், உப்போடு. அதற்கு நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. நாளைக் காலையில் எனக்கு பஸ் இருக்கிறது.

உள்ளே அத்தை எழுந்துவிட்டார். சட்டியைக் கழுவாமல் வெளியில் போட்டுவிட்டு இவள் அப்படி யாருக்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று கத்துகிறார். உங்க மூத்த மருமகளுக்குத்தான் என்று இங்கிருந்தே நானும் கத்தியிருக்கிறேன். செத்தவளுக்கு என்னடி கடுதாசி என்கிறார். இரு அக்கா, சண்டை வந்துவிட்டது. நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.